அடைத்த கடனுக்குத் தீர்ப்பு வந்தால் செய்ய வேண்டியவை

உரத்திற்கும் விதைக்கும் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்குவதும், அறுவடைக்குப் பின் அடைப்பதும் விவசாயிகளிடையே வழக்கம். பணத்தைப் பெற்றவர் "சீட்டைத் தேடித் தருகிறேன்" என்று சொல்ல, நம்பித் திரும்பிவிடுவோரும் உண்டு. பின்னர் அதே சீட்டைக் கொண்டு வழக்குத் தொடரப்பட்டு, அமீனா ஜப்தி உத்தரவுடன் வரும்போதுதான் விவரம் தெரிகிறது. அத்தகைய நிலையில் என்ன செய்வது என்பதை இங்குக் காண்போம்.

முதலில் அறிய வேண்டியது

மருந்து தெளிக்குமுன் பயிரைத் தாக்கியது பூச்சியா, பூஞ்சாணமா என்று பார்க்கிறோம். அதுபோல, பணம் கொடுத்தது தீர்ப்புக்கு முன்பா, பின்பா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் வழி வேறு. வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள்.

தீர்ப்புக்கு முன்பே அடைத்திருந்தால்

தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றம் அத்தீர்ப்பு சரியா, தவறா என்று ஆராயாது. ஆகவே ஜப்திக்கு வந்த அமீனாவிடம் ரசீதைக் காட்டிப் பயனில்லை. தீர்ப்பையே நீக்க வேண்டும்.

சம்மன் முறையாகக் கிடைக்காமலோ, தக்க காரணத்தால் ஆஜராக இயலாமலோ ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், அதே நீதிமன்றத்தில் அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு செய்யப்படாதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து இக்கெடுவைக் கணக்கிட வேண்டும். கெடு கடந்திருந்தால் தாமதத்திற்கான காரணத்தை விளக்கித் தனி மனுவும் தேவை. மனுப் போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. தடையுத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள்.

வழக்காடித் தோற்றிருந்தால் மேல்முறையீடே வழி. மாவட்ட அளவிலுள்ள நீதிமன்றங்களில் அதற்கும் கெடு 30 நாள்தான்.

தீர்ப்புக்குப் பின் அடைத்தால்

பணத்தை நீதிமன்றத்தில் கட்டுவது மிகப் பாதுகாப்பானது. வாதியிடம் நேரே கொடுப்பதானால் வங்கி மூலம் கொடுங்கள். பெற்ற தொகையை வாதி நீதிமன்றத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால், பணம் கொடுத்த 30 நாளுக்குள் நீங்களே மனுச் செய்து பதிவு செய்யக் கோருங்கள். பதிவாகாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாதி ஒப்புக்கொண்டாலன்றி வாய்ச்சாட்சி மட்டும் போதாது; எழுத்துச் சான்று வேண்டும். பணத் தீர்ப்பை 12 ஆண்டு வரை நிறைவேற்றலாம் என்பதால், "அவர் மறந்திருப்பார்" என்று விட்டுவிடலாகாது.

எவற்றை ஜப்தி செய்ய இயலாது?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உழவர் பிழைப்புக்கு வேண்டிய உழவுக் கருவிகள், மாடுகள், விதை தானியம், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றைச் சாதாரணக் கடனுக்கான ஜப்தியிலிருந்து காக்கிறது. நிலத்திற்கு இப்பாதுகாப்பு இல்லை. ஏலம் நடந்தபின் நிலத்தை மீட்பது மிகக் கடினம்.

வருமுன் காக்க

1. முழுத் தொகையையும் கொடுக்கும்போதே சீட்டைத் திரும்பப் பெறுங்கள். அப்படிக் கேட்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு.
2. சீட்டு கிடைக்காவிட்டால், அதன் தேதியையும் தொகையையும் குறித்து ரசீது வாங்குங்கள். ரூ.5,000க்கு மேற்பட்ட ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்.
3. பகுதித் தொகை கொடுத்தால் சீட்டின் பின்புறம் வரவு எழுதிக் கடன் கொடுத்தவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். உங்கள் கையொப்பம் மட்டும் இருந்தால் அது வழக்குக் கெடுவை நீட்டிக்க அவருக்கே உதவும்.
4. சம்மனை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் சார்வு ஆனதாகவே கொள்ளப்படும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதோர் மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. ஏனையோரில் பலருக்கு வருமான வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும்.

விதைச் சான்று அட்டையைப் பத்திரப்படுத்துவதுபோல் கடன் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பு வந்த செய்தி தெரிந்தால், நாட்களை எண்ணி உடனே செயல்படுங்கள்.