பேக்கேஜுக்கு ஒரு விவரிப்பு

அன்புத் தங்கைக்கு,

பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடாக மாற்றும் உன் பைதான் பேக்கேஜை ஓட்டிப் பார்த்தேன். அருமையாக வேலை செய்கிறது. பைபிஐ களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு முன் அதன் விவரிப்பை மட்டும் மாற்றி எழுது. 'மரபுக் குறியாக்கங்களுக்கான நவீன, திறன்மிகு கட்டமைப்பு' என்ற வரியில் நீ செய்திருக்கும் வேலை எதுவும் தெரியவில்லை.

யார் இதைத் தேடி வருவார்கள் என்று யோசி. கெங்கவல்லியிலோ தம்மம்பட்டியிலோ டிடிபி சென்டர் வைத்திருப்பவரின் கணினியில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் வருடக்கணக்கில் குவிந்து கிடக்கும். 'மரபுக் குறியாக்கம்' என்றால் அவருக்குப் புரியாது. எழுத்துருப் பெயர்களான 'பாமினி' தெரியும், 'வானவில்' தெரியும். அவருக்கு உதவ வரும் நிரலாளரும் அந்தப் பெயர்களைப் போட்டுத்தான் தேடுவார். எடுத்துக்காட்டாக, டெபியன் லினக்ஸில் ஆப்ட் கட்டளை தேடுவது பேக்கேஜின் பெயரையும் விவரிப்பையும்தான். நிரலுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. பாமினி என்ற சொல் விவரிப்பில் இல்லாவிட்டால் உன் பேக்கேஜ் அவர்கள் கண்ணில் படவே படாது.

டெபியன்காரர்கள் 1993 முதல் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை அடுக்கிப் பழகியவர்கள். அவர்கள் வகுத்த நெறியைப் படித்துப் பார். சுருக்க வரி 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதில் பேக்கேஜின் பெயரைத் திரும்பச் சொல்லக் கூடாது, ஏனென்றால் பட்டியலில் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. நீண்ட விவரிப்பு சுருக்க வரியின் நகலாக இருக்கக் கூடாது. நீ பைபிஐயில் ஏற்றினாலும் இதெல்லாம் பொருந்தும். 'பாமினி, வானவில், திஸ்கி உரையை யூனிகோடாக மாற்றும் நூலகம்' என்று எழுதினாலே சுருக்க வரி முடிந்தது. அதையே ஆங்கிலத்திலும் எழுதி முதலில் வை. தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் கையிலும் தமிழ்க் கோப்புகள் இருக்கின்றன.

நீண்ட விவரிப்பில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்த எழுத்துரு. அதனால் பாமினிக் கோப்பின் நடுவே ஒரு மின்னஞ்சல் முகவரி ஆங்கிலத்தில் இருந்தால், உன் பேக்கேஜ் அதையும் தமிழாக்கிக் குளறுபடி செய்துவிடும். திஸ்கி குறியாக்கத்தில் அந்தச் சிக்கல் கிடையாது. ஆங்கிலத்துக்கு உரிய இடத்தை அது தொடாமல் விட்டிருக்கிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற இரண்டு குறியாக்கத் தரங்களிலும் இதே வேறுபாடு உண்டு: டாப் இருமொழிக்கு, டாம் தமிழுக்கு மட்டும். பாமினியின் இந்தச் சிக்கலை நீ எழுதாவிட்டால், ஒருவர் நூறு பக்கத்தை மாற்றி முடித்த பிறகுதான் தன் கோப்பு பாழானதைக் கண்டுபிடிப்பார். எதைச் செய்யாது என்று சொல்லும் அந்த ஒரு பத்தியை, வேறு எதை வெட்டினாலும், வெட்டாதே.

முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகத்திலும் எழுத்துரு மாற்றி இருக்கிறது. அதை மறைக்காமல் பெயர் சொல்லியே எழுது. 'தமிழ்' என்ற சொல்லை பைதானிடம் அளக்கச் சொன்னால் ஐந்து என்கிறது. நாம் எண்ணினால் மூன்று எழுத்து. அப்படி எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டியவருக்கு ஓப்பன்-தமிழ்தான் சரி என்று வழிகாட்டு. எழுத்துரு மாற்றம் ஒன்றே போதும், வேறு சார்புகள் வேண்டாம் என்பவருக்கு உன்னுடையது. இப்படி எழுதினால் உன் பேக்கேஜின் மதிப்பு குறையாது. தேவை இல்லாதவர் ஒரு நிமிடத்தில் விலகிப் போவதும் விவரிப்பு செய்யும் உதவிதான்.

ஒரு மாதிரியும் சேர்: ஒரு வரி பாமினி உரை, மாற்றிய பின் கிடைக்கும் யூனிகோட் வரி. விளக்கம் படிக்காதவர்கூட அதைப் பார்ப்பார்.

பைபிஐயில் ஒரு பதிப்பை ஏற்றிய பின் அதன் விவரிப்பைத் திருத்த முடியாது. எழுத்துப் பிழைக்குக்கூடப் புதிய பதிப்பு எண் வேண்டும். ஆகவே பதிவேற்றும் கருவியான ட்வைனின் செக் கட்டளையை ஓட்டி, பக்கம் ஒழுங்காகத் தெரியுமா என்று பார்த்துக்கொள். அதற்கும் முன்னால், உங்கள் ஊர் டிடிபி சென்டர் அண்ணனிடம் தமிழ்ப் பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொல். அவர் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்திவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்