கணக்குப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்



முன்பு கடைக்கென்று தனியாக ஒரு கணிப்பொறி புரோகிராம் வேண்டுமானால், எழுதத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். இன்று கிளாட், சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் தமிழில் கேட்டாலே எழுதித் தருகின்றன. ஆனால் நாம் சொல்லாமல் விட்டதை அவை தம் யூகத்தால் நிரப்பிக்கொள்ளும். நம் பணம் தவறிப்போவது அந்த இடத்தில்தான்.

ஆகவே, "பற்று வரவு புரோகிராம் எழுதிக் கொடு" என்று ஒரே வரியில் கேட்கக் கூடாது. புதிதாக வந்த கணக்குப்பிள்ளைக்கு முதல் நாள் சொல்வதையெல்லாம் எழுத வேண்டும்.

1. கடை வழக்கம்: "வாடிக்கையாளர் பணம் கொடுத்தால் பழைய பில்லுக்கே முதலில் வரவு வை. திரும்பி வந்த சரக்கைப் பாக்கியில் கழி. பருப்பை 100 கிராம் கணக்கிலும் விற்போம்."

2. மாதிரிக் கணக்கு: "பழைய பாக்கி 4,200 ரூபாய், இன்றைய சரக்கு 1,850, கொடுத்தது 2,000, மீதி 4,050 வர வேண்டும்." விடையையும் சேர்த்துக் கொடுத்தால், எழுதியது சரிதானா என்று கருவியே சோதித்துப் பார்க்கும்.

3. வரி: 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நெய்க்கு 12லிருந்து 5 ஆகவும் குறைந்தது. எனவே, "வரி விகிதங்களை நானே திருத்தும்படி தனிப் பட்டியலில் வை, பழைய பில்கள் மாறக் கூடாது" என்று எழுதுங்கள்.

4. ஒவ்வொன்றாக: முதலில் பாக்கிக் கணக்கு. அது சரியான பிறகு இருப்புக் கணக்கு. "தொடங்குமுன் உன் சந்தேகங்களை என்னிடம் கேள்" என்ற வரியையும் சேருங்கள். பிழை வந்தால் "சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தொகை வந்தது, எது வந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

5. நகல்: 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஒருவர், எதையும் மாற்றாதே என்று எழுதியிருந்தும், கருவி அவருடைய தரவுகளை அழித்துவிட்டது. வாய்ச்சொல் பூட்டு ஆகாது. பேரேட்டின் நகலில் மட்டும் வேலை செய்ய விடுங்கள். அசல் தனியே இருக்கட்டும்.

ஒரு மாதமாவது கைக்கணக்கையும் கூடவே எழுதி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். புரோகிராம் யார் எழுதினாலும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே.