பன்னீர் திராட்சை ரசம்: புளிக்காமல் பாதுகாக்கும் முறை

திண்டுக்கல் மாவட்டத்தில் சிறுமலை அடிவாரத்திலுள்ள வெள்ளோடு, ஜாதிகவுண்டன்பட்டி பகுதிகளில் பன்னீர் திராட்சை பயிராகிறது. அறுவடைச் சமயத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து விலை இறங்கிவிடும். அத்தகைய சமயங்களில், விற்காமல் மிஞ்சும் நல்ல பழத்தை ஸ்குவாஷ் ஆக்கி வைப்பது லாபகரமானது. விலை மலிவாக உள்ளபோது பழம் வாங்கி, கன்னிவாடி வட்டாரக் குடும்பங்களும் இதைச் செய்யலாம்.

சிலர் பழத்தைப் புளிக்கவிட்டு ஒயின் தயாரிக்க எண்ணுவதுண்டு. உரிமமின்றி வீட்டில் ஒயின் தயாரிப்பது 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். மேலும், காற்றுப் பட்டால் ஒயின் காடியாக மாறிவிடும்.

புளிப்பது ஏன்?

திராட்சைத் தோலின் மேல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் இயற்கையாகவே உள்ளன. இவை சாற்றின் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இந்த வாயுவின் அழுத்தத்தால்தான் பாட்டில்கள் வெடிக்கின்றன. 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத் திருவிருந்துக்காகத் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாத்துக் காட்டினார்.

தேவையான பொருட்கள்

திராட்சைச் சாறு 1 லிட்டர் (சுமார் 1¾ கிலோ பழம்), சர்க்கரை 1 கிலோ, தண்ணீர் 750 மில்லி, சிட்ரிக் அமிலம் 20 கிராம், உணவுத் தரமுள்ள சோடியம் பென்சோயேட் 2 கிராம்.

செய்முறை

வெடித்த பழம், பூசணம் பிடித்த பழம் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். மருந்து தெளித்திருந்தால், அதற்குரிய காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறிக்க வேண்டும். கழுவிய பழத்தைக் காம்பு நீக்கிப் பிசைந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை 10 நிமிடம் சூடாக்கவும். கொதிக்க விடக்கூடாது. தோலின் நிறம் சாற்றில் இறங்கியதும் துணியில் வடிகட்டவும். இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஆகா. சாற்றின் நிறமும் சுவையும் கெடும்.

சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம் மூன்றையும் கொதிக்க வைத்து வடிகட்டி ஆறவிடவும். இத்துடன் சாற்றைச் சேர்க்கவும். சோடியம் பென்சோயேட்டைச் சிறிது வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கவும். இதைக் கரண்டிக் கணக்கில் போடாமல் எடை போட்டே சேர்க்க வேண்டும். 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது.

மாம்பழம், எலுமிச்சை ஸ்குவாஷ்களுக்குப் பயன்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை இதில் சேர்க்கக்கூடாது. அதிலிருந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு திராட்சையின் சிவப்பு நிறத்தை வெளுக்கச் செய்யும்.

பாட்டிலில் அடைத்தல்

கண்ணாடிப் பாட்டில்களை அரை மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஈரம் உலர்ந்ததும் நிரப்பவும். கழுத்தில் ஓர் அங்குலம் இடம் விட்டுக் காற்றுப் புகாதபடி மூடவும். தயாரித்த தேதியை எழுதி ஒட்டுவது அவசியம்.

எத்தனை நாள் தாங்கும்?

பாதுகாப்பு மருந்து சேர்க்காத பச்சைச் சாற்றை அன்றே அருந்திவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் 2 நாள் வைக்கலாம். மேற்கண்ட முறையில் தயாரித்த ஸ்குவாஷ், திறக்காத நிலையில் 6 மாதம் வரை தாங்கும். திறந்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சமவெளியில் கோடை வெப்பம் கடுமையாதலால், தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்கக்கூடாது. இருட்டான, குளிர்ந்த அறையே ஏற்றது.

அடியில் மணல் போன்ற படிகங்கள் சேர்ந்தால் அஞ்ச வேண்டாம். அவை திராட்சையில் இயற்கையாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பே. ஆனால் குமிழி, நுரை, கள் வாடை, மேலே ஏடு போன்ற படலம் தோன்றினால் புளித்துவிட்டது என அறியலாம். அதை மீண்டும் கொதிக்க வைத்தோ, மருந்தை அதிகம் சேர்த்தோ சரிசெய்ய முயலாமல் கொட்டிவிட வேண்டும்.

விற்பனைக்குத் தயாரிப்போர் முன்னதாக உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் முறை 3 பாட்டில் மட்டும் தயாரித்து, ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகு அளவைக் கூட்டுவது நட்டத்தைத் தவிர்க்கும்.