தேடுபொறி முதலில் காட்டுவது எதை?



ஒரு விடயத்தை அறிய வேண்டுமாயின் முன்னர் ஆசிரியரையோ, தோட்டத்து வைத்தியரையோ, நாலும் தெரிந்த பெரியவர் ஒருவரையோ நாடிச் சென்றோம். இன்று கைத்தொலைபேசியைக் கேட்கிறோம். பிள்ளையின் பாடம், பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் வழி, வெளிநாட்டு வேலை, மழையின் நிலைமை எதைக் கேட்டாலும் கூகுள் போன்ற தேடுபொறி ஒரு நொடிக்குள் பக்கங்களை வரிசையாக அடுக்கித் தருகிறது. முதலில் நிற்பதே சரியான பதில் என்று நம்பிவிடுவதும் நமது வழக்கமாகிவிட்டது.

அந்த வரிசை எவ்வாறு உண்டாகிறது? முதலிடம் என்பது உண்மைக்குக் கிடைத்த சான்றிதழா? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் லயங்களில் வாழும் நமது குடும்பங்களுக்கு இக்கேள்வி வெறும் பொது அறிவுக் கேள்வியன்று.

1. சொல்லடைவு

நாம் கேட்கும் அந்தக் கணத்தில் தேடுபொறி உலகமெங்கும் ஓடித் தேடுவதில்லை. அது முன்னரே தேடி வைத்திருக்கிறது. அதன் கணினிகள் இரவும் பகலும் ஒரு பக்கத்திலிருந்து அதில் உள்ள இணைப்பு வழியாக மறு பக்கத்திற்குச் சென்று, கண்டவற்றையெல்லாம் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பெரும் அட்டவணையில் எழுதி வைக்கின்றன.

இந்த வழி நமக்குப் புதியதன்று. 1230ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில், தொமினிக்கன் சபைத் துறவியான ஹியூ என்பவர், சக துறவிகளின் உதவியோடு விவிலியத்திற்கு ஒரு சொல்லடைவைத் தயாரித்தார். ஒரு சொல்லை எடுத்தால் அது விவிலியத்தில் எங்கெங்கு வருகிறது என்பதை அந்நூல் காட்டும். தேடுபொறியின் அட்டவணையும் அத்தகைய ஒரு சொல்லடைவே. அட்டவணையில் ஏறாத பக்கம் எவ்வளவு பயனுள்ளதாயினும் தேடுபொறிக்கு அது இல்லாத பக்கமே.

2. அரிய சொல்லுக்கு அதிக மதிப்பு

நாம் கேட்ட சொற்கள் பல்லாயிரம் பக்கங்களில் இருக்கலாம். எதை முன்னே வைப்பது? 1972இல் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு தெளிவான விதியைக் கூறினார். எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு; சில பக்கங்களில் மாத்திரம் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

“மழை எச்சரிக்கை” என்று கேட்டால் எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் வந்து நிற்கும். “புளத்கொஹுபிட்டிய மண்சரிவு எச்சரிக்கை” என்று கேட்டால், ஊர்ப்பெயராகிய அந்த அரிய சொல்லே நமக்கு வேண்டிய பக்கத்தைப் பிரித்தெடுத்துத் தரும். ஆகவே தேடும்போது பிரதேச செயலகப் பிரிவின் பெயரையும் சேர்த்து எழுதப் பழகுவோமாக.

3. பரிந்துரைக்கும் பக்கங்கள்

1998இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லரி பேஜ், சேர்கே பிறின் ஆகிய இருவரும் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்தால் அதை ஒரு பரிந்துரையாகக் கொள்ளலாம் என்பதே அவர்கள் கண்ட வழி. இதற்குப் பேஜ்ராங்க் என்று பெயர்.

இங்கே எத்தனை பேர் பரிந்துரைத்தார்கள் என்பதோடு, யார் பரிந்துரைத்தார்கள் என்பதும் கணக்கில் எடுக்கப்படும். பலராலும் பரிந்துரைக்கப்பட்ட பக்கத்தின் சொல்லுக்குப் பாரம் அதிகம். ஆனால் அந்தப் பாரம் பங்கிடப்படும். 12 புள்ளிகள் உள்ள ஒரு பக்கம் மூன்று பக்கங்களுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளிகள் சேரும். 120 பக்கங்களுக்குக் கொடுத்தால் பத்தில் ஒரு புள்ளியே சேரும். ஊரில் எல்லோருக்கும் நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பவரின் கடிதத்தை யார் பெரிதாக மதிப்பார்கள்?

இன்று கூகுள் இதனோடு வேறு பல அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. கேட்பவர் இருக்கும் இடம், மொழி, பக்கத்தின் புதுமை ஆகியவையும் கணக்கில் வருகின்றன. ஆயினும் அடிப்படை ஒன்றே. தேடுபொறி மதிப்பிடுவது உண்மையின் அடையாளங்களை மட்டுமே. அந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டது மெய்யா பொய்யா என்று அது நேரில் சென்று விசாரிப்பதில்லை.

4. பழைய பக்கமும் இன்றைய மழையும்

2016ஆம் ஆண்டு மே மாத மழையில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதையும், அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிந்து உயிர்கள் பலியானதையும் நமது மக்கள் மறக்கவில்லை.

இத்தகைய ஆபத்தைக் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் நிறம் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாகவும், சிவப்பு உடனே வெளியேறவும் கூறுவதாகும். இவ்வெச்சரிக்கை குறித்த சில மணித்தியாலங்களுக்கே உரியது. நிலைமைக்கேற்ப நீடிக்கப்படும் அல்லது மாற்றப்படும்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பெரும் அனர்த்தத்தைப் பற்றிய பழைய செய்திப் பக்கத்திற்குப் பல ஆண்டுகளாக இணைப்புகள் சேர்ந்துள்ளன. இன்று மாலை வெளியான எச்சரிக்கைக்கு இன்னும் ஓர் இணைப்பும் இல்லை. புதிய செய்திக்கு இடங்கொடுக்கத் தேடுபொறிகள் முயன்றாலும், பழைய பக்கம் முன்னே நிற்பது உண்டு. பழைய சிவப்பு எச்சரிக்கையை இன்றையதென்று எண்ணிப் பதறுவதும் கூடாது. பழைய “ஆபத்து நீங்கியது” என்ற செய்தியை நம்பி லயத்திலே தூங்குவது அதனிலும் கொடிது. எனவே திகதியைப் பாராமல் எந்த எச்சரிக்கையையும் நம்பக் கூடாது.

5. தமிழில் தேடுவோருக்குரிய தடைகள்

தமிழில் உள்ள பக்கங்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது மிகக் குறைவு. அவற்றிலும் சில தேடுபொறியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நமது நாட்டில் பல ஆண்டுகளாகப் பாமினி என்னும் எழுத்துருவில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. அதில் “தமிழ்” என்று திரையில் தோன்றினாலும், கணினியின் உள்ளே இருப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. அப்படி எழுதிய பக்கத்தைத் தமிழ்ச் சொல் கொண்டு தேடினால் எப்படி அகப்படும்? 1991 முதல் தமிழுக்கும் இடமளித்த யுனிகோட் முறையில் எழுதினால் இத்தடை இல்லை. அறிவித்தலைப் புகைப்படமாக மட்டும் வெளியிடுவதும் இத்தகையதே. படத்திலுள்ள தமிழ் எழுத்தைத் தேடுபொறி எப்போதும் சரியாகப் படித்தெடுக்கும் என்று சொல்ல முடியாது.

சொல் வேறுபாடும் உண்டு. நாம் “மண்சரிவு” என்பதைத் தமிழகத்தார் “நிலச்சரிவு” என்பர். அச்சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு, 2024 ஜூலை 30இல் கேரளத்து வயநாட்டில் நிகழ்ந்த அனர்த்தம் பற்றிய செய்திகள் முன்னே வந்து நிற்கக்கூடும். செய்தி பொய்யன்று, ஆனால் அது நமது மலையைப் பற்றியதன்று.

6. பதிலே சொல்லும் தேடுபொறி

முன்னர் தேடுபொறி பக்கங்களை மட்டுமே காட்டியது. பின்னர் ஒரு பக்கத்திலிருந்து சில வரிகளை எடுத்து மேலே பதிலாக வைக்கத் தொடங்கியது. 2019இல் பேர்ட் என்ற முறையைக் கூகுள் சேர்த்தபின், சொற்களைத் தனித்தனியே பாராமல் வாக்கியத்தில் அவற்றின் தொடர்பையும் அது கவனிக்கிறது. 2024 முதல் பல பக்கங்களின் கருத்தைத் திரட்டி, செயற்கை நுண்ணறிவு தானே எழுதிய சுருக்கத்தையும் காட்டுகிறது.

இச்சுருக்கம் சரளமான நடையில் இருக்கும். ஆனால் சரளம் வேறு, சரி வேறு. பொருத்தமாகத் தோன்றும் சொற்களைத் தொடுத்தே கணினி எழுதுகிறது. ஆகையால் இரண்டு ஊர்களின் செய்தியை ஒன்றாகக் கலப்பதும், பழையதைப் புதியதாகக் கூறுவதும் நேரும். அது எந்தப் பக்கங்களிலிருந்து திரட்டியது என்று கீழே காட்டுகிறதோ, அப்பக்கங்களைத் திறந்து பார்ப்பதே முறை.

எல்லாவற்றிற்கும் மேலே சில சமயம் விளம்பரம் நிற்கும். அது பணம் கொடுத்துப் பெற்ற இடம். “விளம்பரம்” அல்லது “ஸ்பொன்சர்ட்” என்ற சிறிய குறிப்பு அதில் காணப்படும். வெளிநாட்டு வேலை தேடும் நமது சகோதரிகள் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு முகவர் நிலையம் முதலில் நிற்பதால் அது அனுமதி பெற்றதாகிவிடாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உறுதிப்படுத்திய பின்னரே கடவுச்சீட்டையோ பணத்தையோ கையளிக்க வேண்டும்.

7. வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

அ. முதலில் திகதியைப் பாருங்கள். திகதியில்லாத எச்சரிக்கையை இன்றைய எச்சரிக்கையாகக் கொள்ளாதீர்கள்.

ஆ. யார் வெளியிட்டது என்று பாருங்கள். அரசாங்க நிறுவனத்தின் பக்கமா, அதைக் கேட்டு எழுதிய வேறொருவரின் பக்கமா?

இ. ஊர்ப்பெயரோடு தேடுங்கள். தமிழில் அகப்படாவிட்டால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தேடப் பிள்ளைகளின் உதவியைப் பெறுங்கள்.

ஈ. உயிராபத்தான வேளையில் தேடிக்கொண்டிராதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அவசர அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. சுவரில் வெடிப்பு, மண்ணில் பிளவு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று நீர் இவற்றைக் கண்டால், எந்தப் பக்கம் என்ன சொன்னாலும் உடனே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. சென்ற வாரம் நாம் தேடிய ஒரு விடயத்தில் முதலில் வந்த பக்கத்தை வெளியிட்டவர் யார்? அதன் திகதி என்ன?

2. நமது தோட்டம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது? அப்பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வீட்டில் யாருக்குத் தெரியும்?

3. எழுத வாசிக்கத் தெரியாத அயலவருக்கு மழைநாளில் எச்சரிக்கையைப் படித்துச் சொல்லும் பொறுப்பை நமது வீட்டில் யார் ஏற்பது?

மூன்றாவது கேள்விக்கு இந்த வாரமே ஒரு பெயரைத் தெரிவு செய்து வைப்பது நலம். தேடுபொறி கைத்தொலைபேசி உள்ளவருக்கே பதில் சொல்லும். அடுத்த காம்பராவில் இருப்பவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.