முரசும் தூதும்

நுழையும்முன்

பாட்டோ சமையலோ நகைச்சுவையோ, தாம் படைத்ததை இணையத்தில் வெளியிடுவோர் இன்று நம் தெருவிலேயே பலர் உள்ளனர். அவர்கள் தம் சுவைஞரின் தொலைபேசி எண்ணைப் பெற்று, நேரே குறுஞ்செய்தி அனுப்புவதால் விளையும் நன்மை யாது? அதற்குரிய நெறியும் சட்டமும் யாவை? இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

பாடம்

மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதை விழாவறை காதை. புகார் நகரில் இந்திரவிழா நிகழவிருக்கும் செய்தியை, முரசறைவோன் யானையின் பிடரியில் முரசை ஏற்றி நகரெங்கும் அறிவிக்கிறான். விரும்பியவர் செவியிலும் விரும்பாதவர் செவியிலும் அவ்வொலி ஒன்றுபோல் விழுந்திருக்கும். தூது அத்தகையதன்று. அது ஒருவர் மற்றொருவருக்கென்றே விடுப்பது. திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரம் உண்டு. சிற்றிலக்கியங்களுள்ளும் தூது தனியொரு வகையாக வளர்ந்தது. கிளியையும் முகிலையும் நெஞ்சையும் தூதனுப்பிய மரபில், தமிழையே மதுரைச் சொக்கநாதரிடம் தூதாக விடுத்த நூல் தமிழ்விடு தூது.

மாணவர்களே, சமூக ஊடகத்தில் ஒருவர் இடும் பதிவு முரசறைவது போன்றது. அவர் அனுப்பும் குறுஞ்செய்தி தூது போன்றது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். புகார் நகர முரசு நகரத்தாருக்கு உரியது. இன்றைய படைப்பாளர் அறையும் முரசோ வேறொரு நிறுவனத்துக்கு உரியது. எவர் செவியில் அது விழவேண்டும் என்பதையும் அந்நிறுவனமே முடிவு செய்கிறது. பின்தொடர்வோர் பத்தாயிரம் பேர் இருந்தாலும் அவர் அனைவர் கண்ணிலும் ஒரு பதிவு படும் என்பதற்கு உறுதி இல்லை.

நாம் வாழும் மும்பையிலிருந்தே இதற்குச் சான்று காண்போம். 2018 ஜூன் 7 அன்று பா. இரஞ்சித்தின் ‘காலா’ திரைப்படம் வெளியாயிற்று. தாராவியைக் களமாகக் கொண்ட அப்படத்தின் பாடல்களில், தாராவி இளைஞர்களின் டோப்பாடெலிக்ஸ் குழுவினர் சொல்லிசை வழங்கினர். அக்குழு அதற்கு முன்னரே இணையக் காணொளிகள் வாயிலாக அறிமுகமாகியிருந்தது. சபா மேடையையோ ஒலிப்பதிவு நிறுவனத்தின் வாயிலையோ எதிர்பார்த்து நிற்காமல், குறுகிய சந்துக்குள்ளிருந்தே உலகை நோக்கிப் பாட முடியும் என்பதை அத்தகைய இளைஞர்கள் மெய்ப்பித்தனர். அவர்களைக் கண்டு கையில் திறன்பேசியுடன் பாடத் தொடங்கியோர் பலர்.

அவ்வாறு தொடங்கியோர் பலருக்கு மேடையாக அமைந்தது டிக்டாக் செயலி. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அம்மாத இறுதிக்குள் அத்தடை விலக்கப்பட்டது. அப்போதே பலர் விழித்திருக்கலாம். 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அவற்றுள் டிக்டாக்கும் ஒன்றாயிருந்தது. பொதுமுடக்கத்தால் கூலியும் வருமானமும் குன்றியிருந்த காலம் அது. இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த படைப்பாளருக்கும் அந்த முகவரி ஓரிரு நாளில் இல்லாமற் போயிற்று. சுவைஞர் எங்கும் மறைந்துவிடவில்லை. மும்பையிலும் மதுரையிலும் தத்தம் வீட்டில்தான் இருந்தனர். ஆனால், “நான் வேறோரிடத்தில் பாடுகிறேன், அங்கு வாருங்கள்” என்று அவர்களுக்குச் சொல்லப் படைப்பாளரிடம் ஓர் எண்கூட இல்லை.

மாதுங்காவின் சண்முகானந்த சபாவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1952இல் தோன்றிய அச்சபாவின் அரங்கு 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீ விபத்தால் அழிந்து, புதுப்பிக்கப்பட்டு 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. அரங்கு இல்லாத அவ்வாண்டுகளிலும் சபா கலைந்துவிடவில்லை. மும்பையாயினும் சென்னையாயினும், உறுப்பினர் பெயரும் முகவரியும் எழுதிய பதிவேடு ஒன்றைப் பேணி, மாத நிகழ்ச்சி நிரலை அஞ்சலில் அனுப்புவது சபாக்களின் நெடுங்கால வழக்கம். மேடை போனாலும் பதிவேடு உள்ளவர் தம் அவையை மீண்டும் கூட்ட இயலும். இணையப் படைப்பாளருக்குச் சுவைஞரின் தொலைபேசி எண்களே அத்தகைய பதிவேடு.

குறுஞ்செய்தியின் அளவும் அஞ்சலட்டையை ஒட்டி எழுந்ததே. 1985இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்னும் பொறியாளர் பல வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160 எழுத்துக்குள் முடிந்தன. அஞ்சலட்டைகளில் மக்கள் எழுதுவதும் ஏறத்தாழ அவ்வளவே என்பதைக் கண்டு அவ்வெல்லையை வகுத்தார். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தே முதல் குறுஞ்செய்தி.

தமிழில் எழுதுவோர் இங்கு ஒரு கணக்கைக் கற்றாக வேண்டும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். ஆதலால் 160 அடங்கும். தமிழுக்கு 16 பிட் தேவை. ஆதலால் 70 இடங்களே கிடைக்கும். அந்த 70ஐயும் நாம் இலக்கணத்தில் கற்றவாறு எண்ணக் கூடாது. உயிரெழுத்தும் அகர உயிர்மெய்யும் ஓரிடம் கொள்ளும். ஏனைய உயிர்மெய்கள் இரண்டிடம் கொள்ளும். புள்ளியைக் கருவி தனியே எண்ணுவதால் மெய்யெழுத்துக்கும் இரண்டிடம். ‘தாராவி’ நமக்கு மூன்றெழுத்து, திறன்பேசிக்கு ஆறு. தொல்காப்பியர் மெய்யை அரைமாத்திரை என்றார். கருவியோ அதற்கு இருமடங்கு இடம் கேட்கிறது!

கீழ்வரும் செய்தியைக் காண்க:

வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்குப் புதுப் பாட்டு வெளியாகிறது.

இதிலுள்ள தமிழெழுத்துகள் 27. இடைவெளி, எண், முற்றுப்புள்ளி ஆகியவற்றையும் சேர்த்துக் கருவி எண்ணுவது 59. எஞ்சியவை 11 இடங்கள். அனுப்புவோர் பெயரை அதற்குள் அடக்க வேண்டும். 70ஐக் கடந்தால் செய்தி துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் 67 இடங்களே இருக்கும். இரண்டு செய்திக்குரிய கட்டணமும் விழும். ஆயிரம் பேருக்கு அனுப்புவோர்க்கு இது சிறு செலவன்று. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரேயொரு தமிழெழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்தியின் எல்லையும் 70ஆகக் குறைந்துவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பும் வழக்கம் பரவியதற்கு இக்கணக்கும் ஒரு காரணம். என் கருத்தில், அதற்கு இணங்குவதைவிடச் சொல்லைச் சுருக்குவதே மேல். ‘வெளியாகிறது’ என்னும் ஒரு சொல் 11 இடங்களை விழுங்குகிறது. அதை நீக்கினும் பொருள் கெடவில்லை. ‘வணக்கம்’ இருக்கட்டும்.

இனி, சுவைஞரின் எண்ணை எவ்வாறு பெறுவது? தூது ஒருவரது வீட்டு வாயிலைத் தட்டுவது. தட்டுவதற்கு அவர் இசைவு வேண்டும். நிகழ்ச்சிக்கு வந்தோரின் எண்களை வாயிற்காவலரிடம் கேட்டு வாங்குவதும், எண் பட்டியலை விலைக்குப் பெறுவதும், ஒரு குழுவிலுள்ள எண்களை உரியவர் அறியாமல் எடுத்துக்கொள்வதும் இசைவு ஆகா. இதற்கு நம் நாட்டு மக்கள் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. அதுவே மிஸ்டு கால். அழைத்து, எடுப்பதற்குள் துண்டித்தால் காசில்லை. செய்தி மட்டும் போய்ச் சேரும். சிக்கனத்தில் பிறந்த இவ்வழக்கத்தைத் தொழிலாக்கியது பெங்களூரின் சிப்டயல் நிறுவனம். 2015இல் டுவிட்டர் அதனை வாங்கிற்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், பீகார் ஊர்ப்புறங்களில் ‘கான் கஜூரா தேசன்’ என்னும் சேவையை நடத்திற்று. மக்கள் மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். பாட்டும் நகைச்சுவையும் இடையே விளம்பரமும் இலவசமாகக் கேட்கலாம். இங்கே முதல் அடி எடுத்து வைப்பவர் சுவைஞர் என்பதை நோக்குக. “புதிய பாட்டு வந்ததும் செய்தி பெற விரும்புவோர் இவ்வெண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம்” என்று ஒரு பாடகர் காணொளியின் இறுதியில் அறிவித்தால், அழைத்தவர் தாமே கதவைத் திறந்தவர் ஆகிறார். ஆயினும் அவர் திறந்தது பாட்டுக்காகவே. அவ்வெண்ணைச் சீட்டு நிறுவனத்துக்கோ மனை விற்போருக்கோ கொடுத்தல் தகாது.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2018 ஜூலையில் வகுத்த ஒழுங்குமுறைகளின்படி, வணிக நோக்கில் குறுஞ்செய்தி அனுப்புவோர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்னும் பேரேட்டுத் தளத்தில் தம்மைப் பதிவு செய்ய வேண்டும். அனுப்புநர் பெயராக வரும் தலைப்பையும் செய்தியின் வார்ப்புருவையும் முன்னரே பதிய வேண்டும். தலைப்பின் முன்னுள்ள ஈரெழுத்துகளில் முதலாவது நிறுவனத்தையும் இரண்டாவது வட்டாரத்தையும் குறிக்கும், மும்பைக்கு ‘எம்’. 2025 திருத்தத்திற்குப் பின் இறுதியில் ஓரெழுத்தும் சேர்க்கப்படுகிறது. விளம்பரமாயின் ‘பி’, சேவையாயின் ‘எஸ்’, கணக்கு நடவடிக்கையாயின் ‘டி’, அரசுச் செய்தியாயின் ‘ஜி’. விளம்பரச் செய்தியில் ‘இனி வேண்டா’ என விலகும் வழியும் இருத்தல் கட்டாயம். செய்தியிலுள்ள இணைய இணைப்பு முன்பதிவு செய்யப்படாததாயின், 2024 அக்டோபர் முதல் அச்செய்தி தடுக்கப்படும். வேண்டாத செய்தி வந்தால் 1909இல் முறையிடலாம். பதிவின்றித் தம் சொந்த எண்ணிலிருந்து விளம்பரங்களை மொத்தமாக அனுப்புவோரின் இணைப்பே துண்டிக்கப்படலாம்.

வளர்ந்துவரும் ஒரு கானாப் பாடகருக்கு இப்பதிவும் கட்டணமும் பெருஞ்சுமையாகத் தோன்றும். அவர் வாட்ஸ்ஆப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் தொடங்கலாம். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். அனுப்புவோரின் எண்ணைத் தம் கருவியில் சேமித்துள்ளோர்க்கே செய்தி சேரும். இசைவு இங்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. செம்பூரில் வீட்டுச் சமையலைக் காணொளியாக வெளியிடும் ஓர் அம்மையாருக்கு இலட்சம் எண்கள் எதற்கு? தாமே விரும்பிக் கேட்ட 200 பேர், கடமைக்குப் பின்தொடரும் 20,000 பேரினும் மேலானவர் என்றே நான் எண்ணுகிறேன். அவர்களுக்கும் நாள்தோறும் செய்தி அனுப்பினால் சலிப்பர். புதுப்படைப்பு வரும்போதும் நிகழ்ச்சி உறுதியானபோதும் எழுதினால் போதும்; இரவு ஒன்பதுக்கு மேல் எழுதலாகாது.

மாணவர்களாகிய நீங்கள் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் எனக் கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் கூடாது என்றும் கூறுகிறது. சொல்லிசைக் குழுக்களின் சுவைஞருள் பள்ளி மாணவர் மிகுதி. ஆதலால் இவ்விதி நம் வகுப்பறைக்கும் உரியது. நீங்களே படைப்பாளராயின், வீட்டு எண்ணையோ உங்கள் சொந்த எண்ணையோ காணொளியில் காட்டாதீர்கள். பெற்றோர் பெயரில் தனி எண் ஒன்றைப் பெற்று, அதனை அவர்கள் பொறுப்பிலேயே விடுவது நன்று.

சொல்லும் பொருளும்

சுவைஞர் – கலையை நுகர்ந்து மகிழ்பவர், ரசிகர்
பிடரி – கழுத்தின் பின்புறம்
இசைவு – உடன்பாடு, ஒப்புதல்
வார்ப்புரு – முன்கூட்டியே வகுத்த செய்தி வடிவம்
சொல்லிசை – தாளத்தோடு விரைந்து சொல்லும் பாடல், ராப்

பயிற்சி

1. ‘செம்பூரில் சனிக்கிழமை கச்சேரி’ – இத்தொடரிலுள்ள தமிழெழுத்துகள் எத்தனை? திறன்பேசி எண்ணும் இடங்கள் எத்தனை? இரண்டும் வேறுபடுவதற்குக் காரணம் எழுதுக.

2. பள்ளி ஆண்டுவிழா நாடகத்திற்குப் பெற்றோரை அழைக்கும் குறுஞ்செய்தி ஒன்றை 70 இடங்களுக்குள் தமிழெழுத்தில் எழுதுக. நாள், நேரம், இடம் மூன்றும் இடம்பெற வேண்டும்.

3. பெற்றோரின் அனுமதியுடன் அவர்கள் திறன்பேசிக்கு வந்த ஐந்து செய்திகளின் தலைப்புகளைப் பார்த்து, இறுதி எழுத்தைக் கொண்டு வகைப்படுத்துக.

4. உன் நண்பன் ஒருவன், தான் விரும்பும் பாடகருக்கு உதவும் எண்ணத்துடன் வகுப்பு மாணவர் அனைவரின் எண்களையும் அவருக்குக் கொடுத்துவிட்டான். உங்கள் இருவருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக.