காற்றடைத்த சக்கரம்

அயர்லாந்துத் தீவின் வடபாலுள்ள பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்து வந்தார். அவருடைய இளமகன் மூன்று சக்கர மிதிவண்டியொன்றில் கற்கள் பாவிய தெருக்களில் செல்வது வழக்கம். அக்காலத்துச் சக்கரங்களைச் சூழ்ந்திருந்தது கெட்டியான இரப்பர்ப் பட்டையே. கல்லுக்குக் கல் வண்டி குலுங்கிற்று. உடன் சிறுவனும் குலுங்கினான்.

மகனின் இடர் தீர்க்க விழைந்த டன்லப், மெல்லிய இரப்பர்க் குழாயில் காற்றை அடைத்து, அதனை ஒரு மரவட்டின் விளிம்பில் பொருத்தினார். அதனையும் பழைய சக்கரத்தையும் தம் வீட்டு முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். கெட்டிப் பட்டைச் சக்கரம் இடைவழியிலேயே சாய்ந்தது. காற்றடைத்த வட்டோ முற்றத்தைக் கடந்து எதிர்க்கதவில் மோதித் திரும்பிற்று! குலுக்கத்தைத் தணிக்கத் தேடிய வழி விரைவையும் உடன் அளித்தது. 1888 ஆம் ஆண்டில் டன்லப் இதற்குக் காப்புரிமை பெற்றார். இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845 ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்கு உரிமை பெற்றிருந்தார். உலகம் அதனை மறந்துவிட்டது.

1889 ஆம் ஆண்டு மே மாதத்தில் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களுக்கு வில்லி ஹியூம் என்னும் வீரர் காற்றுடயர் பூட்டிய மிதிவண்டியுடன் வந்தார். பருத்த அச்சக்கரங்களைக் கண்டு பலர் நகைத்தனர். தாம் கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் ஹியூமே வென்றார், நகைப்பும் அடங்கிற்று.

இத்துணை தெளிவான சான்று இருந்தும், டயர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு விரைவு மிகும் என்னும் எண்ணம் பின்னாளில் வேரூன்றியது விந்தையே. உண்மை யாது? தரையைத் தொடுமிடத்தில் டயர் சற்றே தட்டையாகிறது. உருளும்போது இரப்பர் வளைந்து நிமிர்கிறது. அவ்வாறு வளைவதில் மிதிப்பவனது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. காற்றழுத்தம் ஒன்றாயின், குறுகிய டயரும் அகன்ற டயரும் ஏறத்தாழ ஒரே பரப்பளவில் தரையைத் தொடும். ஆயினும் குறுகியதன் தடம் நீண்டிருக்கும். அகன்றதன் தடம் குட்டையாயிருக்கும். தடம் குட்டையானால் டயர் வளைவது குறையும். ஆகவே இழப்பும் குறையும். அன்றியும், கரடான சாலையில் இறுகிய குறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் மேலும் கீழுமாகச் சிதறும்.

அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் அறிவுடைமை ஆகாது. எடை கூடும், மிகுவேகத்தில் காற்றின் தடையும் கூடும். டயரின் பக்கங்கள் தடித்து விறைத்திருந்தால் அகலத்தால் பயனில்லை. வழவழப்பான மரத்தளப் பந்தயத் திடலில் குறுகிய, இறுகிய டயரே இன்றும் சிறந்தது. சாலைப் பந்தயங்களிலோ நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் டயர்களைப் பூட்டிய வீரர்கள் இப்போது 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்றவற்றைப் பூட்டுகின்றனர்.

பிரான்சு நாட்டில் 1896 ஆம் ஆண்டில் தொடங்கிய பாரிஸ்-ரூபே பந்தயத்தில் இச்சிக்கல் முழு உருவில் எதிர்ப்படும். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழங்காலக் கற்பாவுதளம். ஆரன்பெர்க்கு வனத்தினூடே செல்லும் கல்வழி மட்டும் இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அங்கே டயரில் காற்று மிகுந்தால் கைகள் மரத்துப்போகும். மிகக் குறைந்தால் சக்கர விளிம்பு கல்லில் மோதி டியூப் கிழியும். அவ்வழியையெல்லாம் கடந்தவர் இறுதியில் சென்று சேர்வதோ ரூபே நகரின் வழவழப்பான பந்தயத் திடல். இரண்டிற்கும் பூட்டியிருப்பது ஒரே இணைச் சக்கரம்.