குடும்பப் பாடம்: விடுமுறைக்கு வராத மகள்



மார்கழி பிறந்தால் நம் ஊர்க் குடும்பங்களில் இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. கரிசலில் விளைந்த உளுந்தும் பாசியும் மழைக்குத் தப்பி வீடு வந்து சேரவேண்டும். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் கிறிஸ்மஸுக்கு வீடு வந்து சேரவேண்டும். இந்த இரண்டாவது எதிர்பார்ப்பைப் பற்றியதே இந்த வாரப் பாடம்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்தார். அவர் மகள் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறாள். தேர்வு முடிந்து விடுதிப் பிள்ளைகளெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். அணியிலுள்ள பிள்ளைகளை மட்டும் பயிற்சி முகாமுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். "சாமி, கிறிஸ்மஸுக்கு மொத நாள் ராத்திரிதான் வருவாளாம். மறுநாள் சாயந்தரமே திரும்பப் போகணும்ங்கா. பந்து விளையாடவா சாமி காலேஜுக்கு அனுப்பினோம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று முறையிட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில் இதே கேள்விக்கு முன்னொரு முறை அவசரப்பட்டுத் தவறான பதில் சொன்னவன் நான். அதைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் இந்த விளையாட்டு எத்தகையது, அது ஏன் விடுமுறை நாட்களைக் கேட்கிறது என்று பார்ப்போம்.

குளிர்காலத்தில் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்து பிறந்ததே கிறிஸ்மஸுக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். வெளியே பனி கொட்டுவதால் மாணவர்கள் திறந்த வெளியில் ஆட வழியில்லை. கூடத்துக்குள் ஆடத்தக்க ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி மேலதிகாரி அவரிடம் கேட்டார். நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி, பீச் பழக்கூடைகள் இரண்டைக் கூடத்தின் இரு பக்கமும் மேல்மாடக் கைப்பிடியில் அறைந்து, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். சில நாட்களில் கிறிஸ்மஸ் விடுமுறை வந்தது. ஊருக்குப் போன மாணவர்கள் அந்த ஆட்டத்தைத் தங்கள் ஊர்களில் கற்றுக்கொடுத்தார்கள். இவ்விதமாகவே அது முதலில் பரவியது.

சில வாரங்களுக்குள் அது பெண்கள் கைக்கும் வந்துவிட்டது. ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் 1892-ல் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். அக்காலத்தில் ஓடியாடினால் பெண்ணின் உடல் கெடும், குணமும் கெடும் என்று பலர் நம்பினார்கள். ஆகவே அவர் ஆடுகளத்தை மூன்று பாகமாகப் பிரித்து, அவரவர் பாகத்தைத் தாண்டக்கூடாதென்று விதி செய்தார். 1893 மார்ச்சில் அங்கு இரு வகுப்பு மாணவிகள் ஆடியபோது ஆண்களைப் பார்க்கக்கூட விடவில்லை. பெண்ணால் தாங்க முடியுமா என்ற சந்தேகம், பாருங்கள், நம் ஊரில் மட்டும் தோன்றியதன்று.

ஏன் விடுமுறையிலே?

இன்று உலகெங்கும் ஆடப்படும் முறை இது. ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். பத்துப் பத்து நிமிஷமாக நான்கு பகுதிகள். களத்தில் ஐந்து பேர், அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் எறிந்தாகவேண்டும். ஐந்து தவறு செய்தவள் வெளியேறவேண்டும்; அவளுடைய இடத்தை வேறொருத்தி நிரப்பவேண்டும்.

ஓட்டப்பந்தயக்காரி தனியே ஓடிப் பயிற்சி செய்யலாம். கூடைப்பந்தில் அது போதாது. தோழி இப்பொழுது நிற்கும் இடத்துக்குப் பந்தை எறிந்தால் எதிரி பறித்துவிடுவாள். அடுத்த நொடியில் தோழி எங்கே வருவாளோ அங்கே எறியவேண்டும். அதை அறிய அவளோடு நூற்றுக்கணக்கான முறை ஆடியிருக்கவேண்டும். அன்றியும், முழு ஆட்டமாகப் பழகுவதற்குப் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துப் பேர் வேண்டும். பன்னிரண்டில் மூன்று பேர் ஊருக்குப் போய்விட்டால் மீதி ஒன்பது பேர் முகாமில் இருந்தும் முழு ஆட்டம் நடவாது. "எம் பொண்ணு ஒருத்திதானே, நாலு நாள்தானே" என்று மூன்று வீடுகளில் சொன்னால் பயிற்சி நின்றுபோகும்.

சரி, வகுப்பு நடக்கும் நாட்களில் பழகக்கூடாதா? பழகத்தான் செய்கிறார்கள். ஆனால் கல்லூரி அணிகளிலிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைக்கிறார்கள். வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் பழகப் பருவத் தேர்வு முடிந்த விடுமுறையே வசதி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. நாம் தென் மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். தோற்றவர் வெளியேறும் முறையில் ஆட்டங்கள் நடந்து, மிஞ்சும் நான்கு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் மோதவேண்டும். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் மறு ரயிலில் ஊர் திரும்பவேண்டியதுதான். ஆகவே வருஷ முழுதும் பட்ட பாடு பலிப்பதும் பலியாததும் அந்த விடுமுறை நாட்களில் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

எட்டுப் பேர் பெற்ற வெற்றி

இங்கே ஒரு கல்லூரியின் வரலாற்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இம்மாகுலாட்டா கல்லூரி இருந்தது. அமலோற்பவ மாதாவின் பெயர் தாங்கியது, கன்னியாஸ்திரிகள் நடத்தியது, அக்காலத்தில் பெண்கள் மட்டும் படித்தது. அதன் விளையாட்டுக்கூடம் 1967-ல் தீக்கிரையாயிற்று. 1970-ல் கேத்தி ரஷ் என்ற இளம் பெண் பயிற்சியாளராக வந்தபோது சொந்தக் கூடம் இல்லை. கன்னியர் மடத்துக் கூடத்தில் பழகினார்கள். சீருடையோ கனத்த கம்பளித் துணி.

அங்கே கூடைப்பந்துக் காலம் குளிர்காலம் முழுவதும் நீளும். கிறிஸ்மஸ் விடுமுறை அதன் நடுவே வரும். 1972 மார்ச்சில் பெண்கள் கல்லூரிகளுக்கான முதல் தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. பணமில்லை. பிள்ளைகள் பல் துலக்கும் பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். எட்டுப் பேருக்கு மட்டுமே செலவு கட்டியது. விமானத்தில் இடம் காலியிருந்தால் ஏறலாம் என்ற மலிவுச் சீட்டில் போனார்கள். சில நாட்களுக்கு முன்னர் 32 புள்ளி வித்தியாசத்தில் தங்களைத் தோற்கடித்திருந்த வெஸ்ட் செஸ்டர் அணியையே இறுதி ஆட்டத்தில் சந்தித்து, 52-48 என்று வென்றார்கள். 1973, 1974 வருஷங்களிலும் அவர்களே வென்றார்கள். கன்னியாஸ்திரிகள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ஒரு மாணவியின் தகப்பனார் தம் இரும்புக்கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வாளிகளைத் தட்டி உற்சாகப்படுத்துவார்கள். 1975 பிப்ரவரியில் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் அவர்கள் குவீன்ஸ் கல்லூரியோடு ஆடியதைக் காண ஏறக்குறைய 12,000 பேர் வந்தார்கள். அந்த மண்டபத்தில் நடந்த முதல் பெண்கள் கல்லூரி ஆட்டம் அதுவே.

இதில் நமக்குப் படிப்பினை யாதெனில், எட்டுப் பேரில் ஒருத்தி பின்வாங்கியிருந்தாலும் அந்த அணி தடுமாறியிருக்கும். அந்த எட்டு வீட்டுப் பெற்றோரும் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு தகப்பனார் வாளியும் கொடுத்தார்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றார். பதினெட்டு வருஷம் நாட்டுக்காக ஆடினார். குழந்தை பெற்ற பின்னும் களத்துக்குத் திரும்பினார். தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது. 2021-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆடும் பெண்கள் எல்லாரும் அனிதாவாகிவிட மாட்டார்கள். ஆனால் பந்து பிடித்த கை அடுப்படிக்கும் உத்தியோகத்துக்கும் உதவாது என்ற பேச்சு பொய் என்பதற்கு இந்த ஒரு வாழ்க்கை போதும்.

நான் செய்த தவறு

சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, ஒரு தகப்பனார் இதே முறையீட்டோடு வந்தார். வீட்டில் திருவிழா, சொந்தபந்தமெல்லாம் வருகிறார்கள், மகள் இல்லாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். "கூப்பிட்டு விடுங்கள்; விளையாட்டுத்தானே" என்று நான் சொன்னேன். சாமியே சொல்லிவிட்டார் என்று அவளை அழைத்து வந்துவிட்டார்கள். அணி அவளில்லாமல் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

பொங்கலுக்குப் பின் அந்தப் பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். கோபமாகப் பேசவில்லை. "தோத்ததுகூடப் பரவாயில்ல சாமி. எனக்குப் பதிலா ஆடினவளுக்குக் காய்ச்சல். வேற ஆள் இல்லைன்னு காய்ச்சலோட ஆடியிருக்கா. எஞ் சட்டை மடிச்சபடியே பெட்டியில கிடந்துச்சாம்" என்றாள். எனக்குச் சொல்ல வார்த்தையில்லை. விளையாட்டுத்தானே என்று நான் எண்ணியது, பதினொரு பேருக்கு அவள் கொடுத்திருந்த வாக்கு. வாக்கு மீறுவது பாவமென்று பிரசங்கம் செய்கிற நானே அவளை மீறச் செய்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அதை எழுதுவது, உங்களில் எவரும் என் தவறைத் திரும்பச் செய்யாதிருக்கவே.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை

பிள்ளையை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கவேண்டியதைக் கேளுங்கள்.

1. முகாமும் போட்டியும் எந்த ஊரில், எத்தனை நாள், எங்கே தங்குவார்கள், கூடவே போகும் ஆசிரியை யார் என்று கல்லூரியில் விசாரித்து, தொலைபேசி எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது பெற்றோரின் உரிமை. இதற்குச் சரியான பதில் வராவிட்டால் தயங்குவதில் தவறில்லை.

2. சாப்பாட்டைக் கவனியுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நாற்பது நிமிஷம் ஓடுகிறவளுக்கு இரத்தம் குறைந்தால் தலை சுற்றும், மூச்சு வாங்கும். ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீடு வரும் இரண்டு நாளில் பலகாரம் மட்டும் கொடுக்காமல், கம்பும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் முட்டையும் கொடுங்கள்.

3. குதித்து இறங்கித் திடீரென்று திரும்பும் ஆட்டம் இது. முழங்கால் ஜவ்வு கிழியும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் பயிற்சியும், சரியாகத் தரையிறங்கப் பழகுவதும் இதைக் குறைக்கும். வலி என்று சொன்னால் "நடிக்காதே" என்னாதீர்கள்; எண்ணெய் தடவி நீவிவிட்டு ஓடவும் விடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள்.

4. படிப்பு பின்தங்கினால் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். "பந்தை விட்டுவிடு" என்று பயமுறுத்தி மார்க் வாங்கவைக்க முடியாது.

5. வீட்டில் கடும் நோய், துக்கம் என்றால் அவளை அழைப்பதே முறை. அணியும் அதைப் புரிந்துகொள்ளும். சொந்தக்காரர் பேச்சுக்குப் பயந்து அழைப்பது வேறு.

6. மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் வேண்டாம். பக்கத்துக் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர் பெற்ற ஊர். நம் பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிறிஸ்மஸ் வாரத்தில் வெளியூர் போனால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மகள் போனால் மட்டும் ஏன் வாசலில் நின்று முணுமுணுக்கவேண்டும்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உளுந்து பிடுங்க ஆள் கிடைக்காத நேரத்தில் உன் கை இல்லாமல் உன் தாயார் தனியே குனிந்து நிமிர்கிறார். அதை மறவாதே. போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை, ஆட்டம் முடிந்ததும் ஒரு முறை வீட்டுக்குப் பேசு. தோற்றாலும் பேசு.

முறையிட்ட அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுவே: "அம்மா, அவள் வருகிற இராத்திரி விழித்திருந்து கதவைத் திறங்கள். நடுச்சாமப் பூசைக்கு உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். மறுநாள் சாயந்தரம் நீங்களே பஸ் ஏற்றிவிடுங்கள். அவள் தந்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டமாவது போய்ப் பாருங்கள்." அவர் சிறிது நேரம் யோசித்து, "டிக்கெட் கேப்பாங்களா சாமி?" என்றார். பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பந்தயத்தில் ஓடுகிறவன் எல்லாவற்றிலும் தன்னை அடக்கிக்கொள்கிறதை அர்ச். சின்னப்பர் நமக்கு உவமையாகக் காட்டியது உங்களுக்குத் தெரியும். இந்த விடுமுறையில் அப்படி ஓடுகிற பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த அடக்கத்தில் பெற்றோராகிய உங்களுக்கும் பங்குண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க:
1. நம் பிள்ளை எந்தெந்தப் பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டோமா?
2. அவளை நாம் வீட்டுக்கு அழைப்பது அவளுக்காகவா, ஊர்ப் பேச்சுக்காகவா?
3. அவள் ஆடுவதை நாம் ஒரு முறையாவது பார்த்திருக்கிறோமா?

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு